ஒரு பென்னிக் கடிதம்: பிரிட்டனின் அஞ்சல் சீர்திருத்தம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): அஞ்சல்தலை வருவதற்கு முன் பிரிட்டனில் கடிதத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

பதில்: பெரும்பாலும் கடிதத்தைப் பெற்றுக்கொள்பவரே கொடுத்தார். கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து ஏறியது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாள் கடிதம் ஒரு ஷில்லிங்குக்கும் (அதாவது 12 பென்னிக்கும்) சற்றுக் கூடுதல். வாரம் பத்து ஷில்லிங் கூலியே அரிதாகக் கிடைத்த பண்ணைத் தொழிலாளியின் வாசலில் அஞ்சல்காரர் வந்து நின்றால் அங்கே மகிழ்ச்சியைவிடக் கலக்கமே மிகுந்திருக்கும். உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கில் சேரும் என்பதால், எழுதிய தாளையே மடித்து அரக்கு வைத்து அனுப்பினார்கள். இடம் போதாவிட்டால் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, முன்பு எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவார்கள். அப்படி எழுதிய கடிதங்களைப் பார்த்தால் பாய் முடைந்ததுபோல் இருக்கும். அவற்றைப் படிக்கத் தனிப் பொறுமை வேண்டும்.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கோ இந்தத் தொல்லை இல்லை. கடிதத்தின் மேல் கையெழுத்திட்டு இலவசமாக அனுப்பும் உரிமை அவர்களுக்கு இருந்தது. நண்பர்களின் கடிதங்களும் அந்தக் கையெழுத்தில் பயணம் செய்தன. வசதி உள்ளவருக்கு இலவசம், இல்லாதவருக்கு ஒரு ஷில்லிங் என்ற இந்த முரண்தான் சீர்திருத்தத்தின் வேர் என்பது என் கருத்து.

கேள்வி (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்): வெற்றுத்தாள் கடிதக் கதையில் வருபவர், அஞ்சல் சீர்திருத்தத்தை முன்மொழிந்த ரோலண்ட் ஹில்தானா?

பதில்: இல்லை ஐயா, கவிஞர் கோல்ரிட்ஜ். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஒரு பெண் தனக்கு வந்த கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு ஷில்லிங் தர இயலாது என்று திருப்பிக் கொடுத்தாளாம். அருகில் இருந்த கவிஞர், அவள் தயங்கியும் கேளாமல் பணத்தைக் கட்டினார். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. அண்ணன் நலமாக இருக்கிறான் என்பதற்கு அந்த வெற்றுத்தாளே அடையாளம் என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. ஹில் இதை எடுத்துச் சொல்லப்போய், பின்னாளில் அவரே நேரில் கண்டதாகக் கதை மாறிவிட்டது.

கேள்வி (பொருளியல் ஆசிரியர்): நாடு முழுவதும் ஒரே கட்டணம் என்பதற்கு ஹில் காட்டிய கணக்கு என்ன?

பதில்: 1837-இல் வெளியிட்ட சிறுநூலில், லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல ஆகும் உண்மையான செலவு ஒரு பென்னியில் 36-இல் ஒரு பங்குதான் என்று அவர் காட்டினார். பணம் கரைந்தது வண்டியில் அல்ல. ஒவ்வொரு கடிதத்துக்கும் தூரத்தையும் தாள்களையும் கணக்கிடுவதிலும், வீடு வீடாக நின்று வசூலிப்பதிலும்தான். ஆகவே அனுப்புபவர் முன்கூட்டியே கட்டணம் செலுத்திவிட்டால் தூரத்தைப் பார்க்கவே தேவையில்லை. 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் எடைவரை ஒரு பென்னி என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் உறுப்பினர்களின் இலவச உரிமையும் ஒழிந்தது.

ஆனால் ஹில்லின் மதிப்பீடு அப்படியே பலிக்கவில்லை. கடிதங்கள் ஐந்து மடங்குக்கு மேல் பெருகும் என்று எதிர்பார்த்தார். 1839-இல் சுமார் 7.6 கோடியாக இருந்தவை 1840-இல் சுமார் 16.9 கோடியாகத்தான் உயர்ந்தன. நிகர வருவாய் ஏறக்குறைய 16 லட்சம் பவுண்டிலிருந்து 5 லட்சமாகச் சரிந்தது. கருவூலத்தின் கண்ணில் இது தோல்விதான். எழுதியவர்களின் கண்ணில் அல்ல.

கேள்வி (அஞ்சல்தலை சேகரிப்பவர்): பென்னி பிளாக் மிக அரிதானது என்கிறார்களே? அதன் கீழ் மூலைகளில் உள்ள எழுத்துகள் எதற்கு?

பதில்: உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலை என்பதால் அதன் புகழ் பெரிது, ஆனால் சுமார் 6.8 கோடி அச்சடிக்கப்பட்டதால் அரிதானது என்று சொல்ல முடியாது. ஒரு தாளில் வரிசைக்கு 12 வீதம் 20 வரிசைகள். அக்காலத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 240 பென்ஸ் ஒரு பவுண்டு. எனவே ஒரு வரிசை ஒரு ஷில்லிங், முழுத் தாள் ஒரு பவுண்டு. எழுத்தர் எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை. இடப்பக்க எழுத்து வரிசையையும் வலப்பக்க எழுத்து அதில் உள்ள இடத்தையும் காட்டும். ஓரத்தில் துளைகள் கிடையாது, கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கறுப்பின் மேல் குத்திய சிவப்பு முத்திரையை அழித்துத் தலையை மீண்டும் பயன்படுத்த முடிந்ததால், 1841-இல் தலையின் நிறம் சிவப்பாகவும் முத்திரையின் நிறம் கறுப்பாகவும் மாறின. நாட்டின் பெயர் மட்டும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கேள்வி (பள்ளி ஆசிரியை): இந்தியாவுக்கு இம்முறை எப்போது வந்தது?

பதில்: 1854-இல், அம்மா. தூரம் எவ்வளவானாலும் குறைந்த எடையுள்ள கடிதத்துக்கு அரை அணா.

கேள்வி (லண்டனில் படிக்கும் மாணவர்): தெருவோரச் சிவப்புத் தூண் அஞ்சல் பெட்டிகள் தொடக்கத்திலிருந்தே சிவப்பா? ஸ்காட்லாந்தில் அவற்றின் மேல் உள்ள இரண்டாம் எலிசபெத் அரசி கால முத்திரை வேறாக இருப்பது ஏன்?

பதில்: 1852-இல் ஜெர்சி தீவில் முதல் பெட்டிகளை வைக்க வழிசெய்தவர், அஞ்சல் துறையில் பணியாற்றிய நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப். 1859 முதல் பச்சையே பொது நிறமாக இருந்தது. சுற்றுப்புறத்தோடு கலந்து கண்ணில் படவில்லை என்ற குறை எழுந்ததால், 1874 முதல் படிப்படியாகச் சிவப்பு பூசப்பட்டது.

முத்திரையின் கதை வேறு. முதலாம் எலிசபெத் இங்கிலாந்தை ஆண்டாரே தவிர ஸ்காட்லாந்தை ஆளவில்லை. எனவே புதிய அரசியை இரண்டாம் எலிசபெத் என்று குறிப்பதை அங்கே பலர் எதிர்த்தார்கள். அந்தப் பெயரும் எண்ணும் பொறித்த முத்திரையோடு எடின்பரோவின் இஞ்ச் பகுதியில் 1952 நவம்பரில் வைத்த பெட்டி பலமுறை சேதப்படுத்தப்பட்டு, 1953 பிப்ரவரியில் வெடி வைத்தே தகர்க்கப்பட்டது. அதன் பிறகு அவர் காலத்தில் ஸ்காட்லாந்தில் வைத்த புதிய பெட்டிகளில் பெயரும் எண்ணும் இல்லாமல் ஸ்காட்லாந்தின் மகுடம் மட்டுமே பொறிக்கப்பட்டது.