தோரியத்துக்குப் பத்து, யுரேனியத்துக்கு ஏழு

அன்புள்ள அண்ணா,

மணவாளக்குறிச்சி மணல் ஆலை எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். அந்த மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் இருப்பது சின்ன வயதிலேயே தெரியும். இப்போது எம்.எஸ்சி.யில் ஆக்டினைடு (தோரியம், யுரேனியம் போன்ற கன உலோகங்கள்) சல்பேட்டுகள் படிக்கிறேன். தோரியம் சல்பேட் படிகத்தில் உலோகத்தைச் சுற்றிப் பத்து ஆக்சிஜன், யுரேனைல் (யுரேனியத்தோடு இரண்டு ஆக்சிஜன் சேர்ந்த அயனி) சல்பேட்டுகளில் பெரும்பாலும் ஏழு. இரண்டிலும் இருப்பது ஒரே சல்பேட்தானே? அது சில இடத்தில் ஓர் ஆக்சிஜனாலும் சில இடத்தில் இரண்டாலும் பிடிப்பதுதான் காரணமா?

வேதியியல் மாணவி, குளச்சல்

அன்புள்ள தங்கைக்கு,

சல்பேட்டைச் சந்தேகப்பட வேண்டாம். கந்தகத்தைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், சுமார் 1.47 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) தூரத்தில். அந்த நான்முகி எங்கே போனாலும் பெரிதாக மாறாது. வித்தியாசம் உலோகத்தில் இருக்கிறது.

தோரியம் தன் நான்கு வெளி எலக்ட்ரான்களையும் இழந்து நிற்கிற அயனி. 5எஃப் ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் தங்கும் இடம்) ஒன்றுகூட மிச்சமில்லை. பிணைப்பு பெரும்பாலும் மின்சுமையின் ஈர்ப்பு, அதற்குத் திசை கிடையாது. இடம் இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்திலிருந்தும் வந்து ஒட்டலாம். எட்டு நீர் கொண்ட படிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சல்பேட்டுகள் தலா இரண்டு ஆக்சிஜனால் பிடிக்கின்றன, கூட ஆறு நீர். ஆகப் பத்து. மீதி இரண்டு நீர் உலோகத்தைத் தொடுவதே இல்லை. ஹைட்ரஜன் பிணைப்பில் இடுக்குகளில் கிடக்கின்றன.

யுரேனியம்(VI), அதாவது +6 நிலையிலுள்ள யுரேனியத்தின் கதை வேறு. சல்பேட் வந்து சேர்வதற்கு முன்பே இரண்டு ஆக்சிஜன்கள் அதன் இருபுறமும் ஒரே நேர்கோட்டில் 1.8 ஆங்ஸ்ட்ராம் அளவில் இறுகிவிட்டன. 5எஃப், 6டி ஆர்பிட்டால்கள் சேர்ந்த உண்மையான சகப்பிணைப்பு (எலக்ட்ரானைப் பங்கிடும் பிணைப்பு) அது, லேசில் அசையாது. மேலும் கீழும் அடைபட்டதால் வருகிறவர்களுக்கு அரைஞாண் கட்டும் இடம் மட்டும்தான் பாக்கி. அங்கே 2.3 முதல் 2.5 ஆங்ஸ்ட்ராமில் பெரும்பாலும் ஐந்து பேர். இரண்டும் ஐந்தும் ஏழு. உருவம் ஐங்கோண இருபிரமிடு. மேல், கீழ் ஆக்சிஜன்கள் பொதுவாக அடுத்த அணுவோடு சேராததால், சல்பேட்டுகள் இவற்றைப் பக்கவாட்டில் கோத்துச் சங்கிலியாகவும் தகடாகவும்தான் அதிகம் கட்டுகின்றன.

நீங்கள் கேட்ட ஒன்று-இரண்டு விஷயம் நிஜம்தான், ஆனால் அது இரண்டு உலோகங்களிலும் உண்டு. இரண்டு ஆக்சிஜனால் பிடித்தால் உலோகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையே சுமார் 3.1 ஆங்ஸ்ட்ராம், ஒன்றால் பிடித்தால் 3.6-க்கு மேல். இந்த இடைவெளியை வைத்து எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலையில் (அணுக்கள் எக்ஸ்-கதிரை உறிஞ்சுவதை அளக்கும் முறை) கரைசலுக்குள்ளேயே இரண்டையும் பிரித்தறிகிறார்கள்.

இன்னொன்று. 1896-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்கரல் போட்டோ தகட்டின் மேல் வைத்தது பொட்டாசியம் யுரேனைல் சல்பேட். கதிரியக்கம் பிடிபட்டதே ஓர் ஆக்டினைடு சல்பேட்டில்தான். பாடப்புத்தகங்கள் 'யுரேனியம் உப்பு' என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, நம் மணலுக்கு வருவோம். 1909-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பர்க் கண்டுபிடித்த மணவாளக்குறிச்சி மோனசைட் ஒரு பாஸ்பேட். அதில் உலோகத்தைச் சுற்றி ஒன்பது ஆக்சிஜன். அடர் கந்தக அமிலத்தில் 200 டிகிரி அளவில் சூடாக்கினால் சல்பேட்டாகும். தோரியம் சல்பேட்டுக்கு ஒரு வினோதக் குணம்: நீரற்ற உப்பு ஐஸ் தண்ணீரில் கரையும்; அதை லேசாகச் சூடாக்கினால் நீரேற்றப் படிகமாக வெளியே விழுந்துவிடும். அந்தக் காலத்தில் தோரியத்தைச் சுத்தப்படுத்த இதைத்தான் பயன்படுத்தினார்கள்.

படிக அமைப்பைக் காட்டும் மெர்குரி என்ற இலவச மென்பொருளில் இரண்டு படிகங்களின் கோப்புகளையும் திறந்து, கந்தகம் வரையுள்ள தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள். யுரேனைலில் இரண்டு ஆக்சிஜனால் பிடித்த சல்பேட் ஏதாவது தட்டுப்பட்டால் எழுதுங்கள்.