பழைய நாணய அல்பங்கள்: கேள்வி பதில்

வன்னியில் நாணயம் சேர்ப்போர் அனுப்பிய கேள்விகளுள் அல்பங்களைப் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். தங்கள் நாணயத்தின் விலையைக் கேட்டு எழுதியோர் பொறுத்தருள வேண்டும். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் விலை சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

கேள்வி (கிளிநொச்சி): ஐயா, கனடாவிலிருந்து வந்த மச்சாள் நீல நிற மடிப்பு அட்டை ஒன்றைத் தந்தார். ஆண்டு அச்சிட்ட வட்டத் துளைகளில் அமெரிக்கச் சதங்கள் பாதிக்கு மேல் நிரம்பியுள்ளன. இது எக்காலத்துப் பொருள்?

பதில்: தம்பி, உங்கள் கையிலிருப்பது நாணயம் சேர்க்கும் பழக்கத்தையே மாற்றிய பொருள்களுள் ஒன்று. அதற்கு முன்னர் நாணயம் சேர்த்தவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். இழுப்பறைகள் கொண்ட மரப்பேழைகளில் வைத்துப் பார்த்தார்கள். 1920களின் இறுதியில் பென்சில்வேனியாவில் கடதாசி அலங்காரப் பொருள்கள் செய்துவந்த பீஸ்ல் என்பவர், நாணயத்தின் இரு பக்கமும் தெரியும்படி ஒளிபுகும் தகடுகள் செருகிய அட்டைப் பக்கங்களை உருவாக்கினார். நியூயோர்க் வணிகர் வெயிற் ரேமண்ட் அவற்றை அல்பமாக விற்றுப் பரப்பினார். ஆனால் அவை சாதாரண மக்களின் கைக்கு எட்டும் விலையில் இருக்கவில்லை.

1934இல் விஸ்கொன்சின் மாநிலத்தைச் சேர்ந்த போஸ்ற் என்பவர், 11 அங்குலத்துக்கு 14 அங்குலம் அளவுள்ள தனி அட்டையில் ஆண்டுவாரியாகத் துளையிட்டு, கையில் புழங்கும் சில்லறையாலேயே அதை நிரப்பும்படி செய்தார். அதை அச்சிட்டுக் கொடுத்த ரசீன் நகர நிறுவனத்தின் விற்மன் பிரிவு பின்னர் அந்தத் தொழிலையே தன்வசமாக்கிக்கொண்டது. அட்டை ஒன்றின் விலை 25 சதம். வேலையின்றி மக்கள் வீட்டிலிருந்த பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், சில்லறையைக் கொட்டி ஆண்டு தேடுவது செலவில்லாத பொழுதுபோக்காயிற்று. சுவரில் தொங்கவிடலாமேயன்றிப் புத்தகத்தட்டில் வைக்க முடியாத அந்தப் பெரிய அட்டையை 1940 அளவில் மூன்றாக மடித்துச் சிறிதாக்கினார்கள். உங்களிடமுள்ளது அந்த வகை. அது தொடர்ந்து பல பதிப்புகள் கண்டதால், பின்பக்க அச்சையும் கடைசியாக அச்சிடப்பட்ட ஆண்டையும் பார்த்தே அட்டையின் வயதை மதிப்பிட வேண்டும். அட்டைகளை மட்டும் சேர்ப்போரும் இருக்கிறார்கள் என்பதால், வெறும் அட்டையாயினும் எறிந்துவிடாதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். துளைக்குக் கீழே ஆண்டு அச்சிடப்பட்டு, மேலே நாணயம் இல்லாமலிருந்தால் மனம் சும்மா இராது. சேகரிப்பாளரை உருவாக்கியது நாணயம் அன்று, அந்த வெற்றுத் துளையே என்பது என் எண்ணம்.

கேள்வி (அதே வாசகர்): அதில் 1943ஆம் ஆண்டுச் சதம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. போலியா?

பதில்: போலியன்று. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அவ்வாண்டுச் சதத்தை நாகம் (துத்தநாகம்) என்ற உலோகம் பூசிய உருக்கில் அடித்தார்கள். காந்தத்தில் ஒட்டும். அதே போரின் அடையாளம் நம் நாட்டு நாணயங்களிலும் உண்டு: இலங்கையின் 5 சதம் 1942 முதல் நிக்கல் கலந்த பித்தளைக்கு மாறியது, 1 சதம் மெலிந்தது.

கேள்வி (ஒட்டுசுட்டான், ஆசிரியை): மாணவர்களுடன் சேர்ந்து இலங்கை நாணயங்களுக்கு அல்பம் செய்ய முயல்கிறோம். சதுர 5 சதம் எந்த வட்டத் துளையிலும் நிற்கவில்லை.

பதில்: ரீச்சர், அமெரிக்கர் வகுத்த துளை அட்டை நமக்குப் பொருந்தாமற்போகும் இடம் இதுதான். 1909 முதல் நமது 5 சதம் முனை மழுங்கிய சதுரம். 1944இல் வந்த 2 சதமும் 10 சதமும் விளிம்பு நெளிந்த பூ வடிவம். மூலைவிட்டத்துக்கு வெட்டினால் சதுரம் உருளும், பக்கத்துக்கு வெட்டினால் நுழையாது. விக்ரோறியா காலத்து 1870ஆம் ஆண்டுச் செப்பு நாணயங்கள் வட்டமே ஆயினும், கால் சதம் நகமளவு சிறியது, 5 சதமோ ஏறத்தாழ 19 கிராம் எடையுள்ள வில்லை. அந்த எடையை மெல்லிய அட்டை தாங்காது. எங்கள் சிறுவயதில் கொப்பி மட்டைகளை ஒட்டித் தடிப்பாக்கி, கவராயத்தால் வட்டம் கீறிச் சவர அலகால் வெட்டினோம். விரலும் சேர்ந்து வெட்டுப்பட்டது.

இப்போது அந்தப் பாடு வேண்டாம். நடுவில் மைலார் என்ற ஒளிபுகும் பிளாஸ்ரிக் தாள் ஒட்டிய இரண்டங்குலச் சதுர அட்டைகள் கிடைக்கின்றன. வட்டமோ சதுரமோ பூவோ எதுவாயினும் அவற்றுள் அடங்கும். அவற்றைப் பைகள் தைத்த பக்கத்தில் அடுக்கினால் அல்பம் ஆயிற்று. அட்டையை மடித்து மூட அடிக்கும் ஸ்ரெப்ளர் கம்பியின் முனைகளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்திலிருக்கும் நாணயத்தைக் கீறும். கம்பி மாரி காலத்தில் துருவேறும் என்பதையும் மனத்திற்கொண்டு ஆண்டுக்கொருமுறை பார்வையிடுங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): 2009இல் அப்பா றங்குப் பெட்டியோடு புதைத்துவிட்டுப் போன அல்பத்தை, மதிலுக்கு அத்திவாரம் வெட்டும்போது எடுத்தோம். பிளாஸ்ரிக் பக்கங்களில் நாணயங்கள் ஒட்டிக்கொண்டு, பச்சைப் பசைபோல் ஏதோ படிந்திருக்கிறது. தேசிக்காய் போட்டுக் கழுவலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். தேசிக்காயும் புளியும் சாம்பலும் குத்துவிளக்குக்கு நல்லவை, நாணயத்துக்கு எமன். பளபளப்பு வரும், ஆனால் மேற்தோல் போய்விடும், போனது மீளாது.

நீங்கள் சொல்லும் பசை மண்ணால் மட்டும் வந்ததன்று. மலிவான அல்பப் பக்கங்கள் பிவிசி என்ற பிளாஸ்ரிக்கால் ஆனவை. அதை இளக்கமாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் காலப்போக்கில் கசியும். சூட்டில் பிளாஸ்ரிக் சிதைந்து ஐதரோகுளோரிக் அமிலமும் வெளிவரும். அது செம்பைத் தின்று பச்சையாகும். அலுமாரியில் பூட்டி வைத்த அல்பங்களிலும் இதைக் கண்டிருக்கிறேன். வன்னி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இது இன்னும் விரைவு.

முதலில் நாணயத்தை இழுக்காமல், பக்கத்தைச் சுற்றிவரக் கத்தரித்துத் தனித்தனியாக்குங்கள். பின்னர் பசையைக் கரைக்கும் திரவமான தூய அசெற்றோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி நாணயத்தை ஊறவிடுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவம் இதற்கு உதவாது, அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். தேய்க்காமல் எடுத்து, புதிய அசெற்றோனில் மீண்டும் அமிழ்த்தி, காற்றில் உலரவிடுங்கள். அசெற்றோன் கணத்தில் தீப்பற்றும் என்பதால் அடுப்பும் விளக்கும் இல்லாத திறந்த வெளியில் செய்ய வேண்டும். பச்சை அடியில் குழி விழுத்தியிருந்தால் அந்தக் குழி அப்படியே இருக்கும். 1963 தொடரின் 1 சதமும் 2 சதமும் அலுமினியம். மண்ணின் உப்பு ஏறி வெண்பொடி பூத்திருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து உப்பை இறக்குவதற்கு மேல் ஒன்றும் செய்யாதீர்கள்.

அப்பா கைப்பட எழுதிய துண்டுகள் அல்பத்தில் இருந்தால், அவற்றை நாணயங்களுக்கு முன்னரே நிழலில் உலர்த்துங்கள். 50 சதத்துக்கு இன்னொரு 50 சதம் கிடைக்கும்.

கேள்வி (வவுனியா): பழைய அட்டை அல்பத்தில் இருந்த வெள்ளி 50 சதத்தின் ஓரம் நீலமும் சிவப்புமாக மின்னுகிறது. துடைக்கலாமா?

பதில்: துடைக்காதீர்கள். அட்டையிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கிய நிறம் அது. விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரவும். ரேமண்டின் அல்பங்களிலிருந்து இப்படி நிறமேறி வந்த நாணயங்களுக்கு அமெரிக்காவில் கூடிய விலை கொடுப்பார்கள். ஆனால் அதே அல்பங்களின் தகட்டைப் பலமுறை இழுத்துச் செருகியதால், அரசர் கன்னத்தில் மெல்லிய இணைகோடுகள் விழுந்திருக்கவும் கூடும். சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள்.

கேள்வி (நெடுங்கேணி): அல்பத்துக்குள் பூச்சி உருண்டை போடலாமா?

பதில்: போட வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்ரிக்குகளைக் கெடுக்கும். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொதியைப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி (பூநகரி): காணியைக் கொத்தும்போது "சேது" என்று எழுதிய செப்புக் காசுகள் அகப்பட்டன. இவற்றையும் துளை அட்டையில் வைக்கலாமா?

பதில்: ஒரு பக்கம் நந்தியும் தமிழில் "சேது" என்ற சொல்லும் கொண்டவை யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகள். கையால் அடிக்கப்பட்டதால் ஒன்றின் தடிப்பும் விளிம்பும் மற்றதைப் போலிரா. துளையில் அழுத்தினால் விளிம்பு உடையும். ஆயினும் அல்பத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர் வேறொன்று செய்ய வேண்டும். நிலத்திலிருந்து எடுக்கப்படும் தொல்பொருள் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி அரசுக்குரியது. எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கழுவாமல் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். காசு கிடந்த ஆழமும் உடன்கிடந்த மட்பாண்ட ஓடும் அதன் வரலாற்றின் பாதி.

கேள்வி (மாங்குளம்): தாத்தா செய்த மட்டை அல்பத்தில் இரண்டு துளைகள் வெறுமையாக உள்ளன. கீழே அவர் கையெழுத்தில் ஆண்டு இருக்கிறது. கொழும்பில் வாங்கி நிரப்பலாமா?

பதில்: முதலில் அந்த ஆண்டுகளில் அந்த நாணயம் அடிக்கப்பட்டதா என்று பட்டியலில் பாருங்கள், பிள்ளை. எல்லா ஆண்டும் எல்லா நாணயமும் அடிக்கப்படவில்லை. வரிசை முறியக்கூடாதென்று தாத்தா துளையை வெட்டியிருக்கலாம். அப்படியாயின் அதை வெறுமையாகவே விடுங்கள். அடிக்கப்பட்டிருந்தால் தாராளமாக வாங்கி வையுங்கள். ஆனால் பக்கத்தின் பின்புறத்தில், நாணயம் தொடாத இடத்தில், பென்சிலால் நீங்கள் வாங்கிய திகதியையும் இடத்தையும் எழுதுங்கள். பேனை வேண்டாம், மாரி ஈரத்தில் மை கசியும்.