ரீஃபர் கன்டெய்னரில் போன மாம்பழம் கெட்டது: நஷ்டஈடு யாரிடம் கேட்பது?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கத்தில் மாந்தோப்பும் பேக் ஹவுஸும் வைத்திருக்கிறேன். மே கடைசியில் 40 அடி ரீஃபர் (குளிர்பதன) கன்டெய்னரில் பங்கனபள்ளி மாம்பழத்தை 5 கிலோ பெட்டிகளாகச் சென்னைத் துறைமுகம் வழியாக துபாய்க்கு அனுப்பினேன். சி.ஐ.எஃப். விலை (சரக்கு, இன்சூரன்ஸ், கப்பல் கட்டணம் எல்லாம் சேர்த்து), சுமார் 21 லட்சம் ரூபாய். பாதி முன்பணம் வந்துவிட்டது. ஜூன் நடுவில் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் டெலிவரி எடுத்தபோது பாதிக்கு மேல் காம்புப் பக்கம் அழுகியிருந்தது என்று சொல்லி, வாங்கியவர் மீதியைத் தரவில்லை. 13 டிகிரிக்கு செட் செய்து அனுப்பியும், நான் உள்ளே வைத்த டேட்டா லாகரில் (வெப்பநிலையைப் பதிவுசெய்யும் கருவி) வழியில் ஏறக்குறைய 40 மணி நேரம் 21 டிகிரி வரை காட்டுகிறது. சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்த ஃபார்வர்டர் கப்பல் கம்பெனியைக் கை காட்டுகிறார். கப்பல் கம்பெனியோ, 'பி.எல்.லில் (பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏற்றதற்கான ரசீது) ஷிப்பர்ஸ் லோட் அண்ட் கவுன்ட் என்று இருக்கிறது, நாங்கள் பொறுப்பில்லை' என்கிறது. பாலிசியில் ரீஃபர் 24 மணி நேரம் நின்றால் கவர் உண்டு என்று ஒரு வரி இருந்தும், 'பழம் என்றால் கெடத்தான் செய்யும்' என்று இன்சூரன்ஸிலும் மறுத்துவிட்டார்கள். ஏழு மாதம் ஆகிறது. கிருஷ்ணகிரி நுகர்வோர் கோர்ட்டில் மூன்று பேர் மீதும் கேஸ் போடலாமா?

பதில்: கேஸ் எங்கே போடுவது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஃபார்வர்டர் கொடுத்த பி.எல்.லை எடுத்து அதன் தலைப்பைப் படியுங்கள். 'மல்ட்டிமோடல் டிரான்ஸ்போர்ட் டாக்குமென்ட்' (லாரி, கப்பல் என்று பல வழிப் போக்குவரத்துக்கு ஒரே ஆவணம்) என்று அச்சாகி, சரக்கைப் பெற்ற இடம் என்ற கட்டத்தில் கிருஷ்ணகிரி என்று இருந்தால், உங்கள் கையில் மிச்சமிருப்பது இரண்டே மாதம். 1993-ஆம் ஆண்டு பல்வகைப் போக்குவரத்துச் சட்டத்தின் 24-ஆவது பிரிவுப்படி, டெலிவரி நாளிலிருந்து 9 மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். சாதாரணக் கடல்வழி பி.எல். என்றால் ஓராண்டு. 1925-ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் இந்த ஓராண்டுக் கெடு பழையபடியே இருக்கிறது. பணம் வர வேண்டிய கேஸ் என்றால் மூன்று வருஷம் டைம் உண்டு என்ற நினைப்பில் உட்கார்ந்திருந்து உரிமையை இழந்தவர்கள் நிறைய.

ஃபார்வர்டருக்கும் கப்பல் கம்பெனிக்கும் இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் போகட்டும். அதிலேயே கெடுவை நீட்டித்து எழுத்தில் உறுதி தரும்படி கேளுங்கள். பல கம்பெனிகள் மூன்று மாதம், ஆறு மாதம் என்று கொடுக்கும். கொடுக்காவிட்டால் கெடுவுக்குள் பிளைன்ட் (வழக்கு மனு) தாக்கலாகிவிட வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கு என்பதால், அவசர இடைக்கால உத்தரவு எதுவும் கேட்காத பட்சத்தில் முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும். அங்கே போகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு சொல்வது காலவரையறைச் சட்டத்துக்குத்தான். கப்பல் கெடுவுக்கும் அது பொருந்தும் என்று நம்பி இறங்க வேண்டாம். சமரச மனுவை இப்போதே போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

'ஷிப்பர்ஸ் லோட் அண்ட் கவுன்ட்' என்பதைக் காட்டி உங்களை மிரட்டியிருக்கிறார்கள். பெட்டிகளை அடுக்கியதும் எண்ணியதும் அனுப்பியவர், நாங்கள் திறந்து பார்க்கவில்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. ஏற்றிய பிறகு 13 டிகிரியில் வைத்துக் கொண்டுபோவது கப்பல்காரரின் வேலை. சரக்கை ஏற்பதற்கும் பாதுகாப்பதற்கும் குளிர் அறைகளைத் தகுதியாக வைத்திருக்க வேண்டும், வழி நெடுகச் சரக்கைக் கவனமாகப் பேண வேண்டும் என்று கடல்வழிச் சரக்குச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகத்தை பி.எல்.லில் போட்டாலும் அது செல்லாது.

ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார். பழத்தைச் சூடாகவே ஏற்றிவிட்டார்கள் என்பார். ரீஃபர் கன்டெய்னர் ஏற்கெனவே குளிர்ந்த பழத்தைக் குளிராகவே வைத்திருக்கும் இயந்திரம். தோட்டத்துச் சூட்டோடு ஏற்றினால் அதைக் குளிரவைக்கத் தடுமாறும். அப்படி ஏற்றியிருந்தால் கிராஃப் முதல் நாளே உயரத்தில் தொடங்கி மெல்ல இறங்கியிருக்கும். உங்கள் லாகரில் முதலில் 13-இலேயே நேர்கோடாகப் போய், நடுவழியில் ஏறி, பிறகு இறங்கியிருந்தால், கரன்ட் இல்லாமல் கன்டெய்னர் எங்கோ நின்றிருக்கிறது என்றுதான் படிக்க வேண்டியிருக்கும். கப்பல் மாற்றும் துறைமுகத்து யார்டில் பிளக் போடாமல் விடுவது கேள்விப்படாத விஷயம் இல்லை. லாகரைக் கதவுப் பக்கம் வைத்தீர்களா, நடுப் பேலட்டிலா என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கதவோரம் என்றால், அங்கே எப்போதுமே கொஞ்சம் சூடு அதிகம் என்று வாதிடுவார்கள்.

அதனால் லாகரைவிடப் பெரிய சாட்சி கன்டெய்னருக்குள்ளேயே இருக்கிறது. அதன் கன்ட்ரோலரில் உள்ளே போகும் காற்று, திரும்பி வரும் காற்று இரண்டின் வெப்பநிலையும் நேரத்தோடு பதிவாகும். கரன்ட் போனதும் தெரியும். அந்தப் பதிவின் டவுன்லோடைக் கேட்டு, அழிக்கக் கூடாது என்றும் நோட்டீஸில் எழுதச் சொல்லுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதுவும் நமக்கு ஒரு ஆயுதம். உங்கள் பக்கத்தில் ஏற்றிய அன்று பழச் சதையின் வெப்பநிலை எடுத்த சீட்டு, ப்ரீகூலிங் (ஏற்றும் முன் குளிரவைத்தது) ரிஜிஸ்டர், காவேரிப்பட்டினத்திலிருந்து சென்னை வரை டிரெய்லரில் ஜென்செட் (ஜெனரேட்டர்) ஓடியதற்கான ரசீது, துறைமுக கேட்டில் எழுதிக்கொண்ட டிகிரி ஆகியவற்றைத் தேடி எடுங்கள். லாகரின் பி.டி.எஃப்.பை அப்படியே தாக்கல் செய்தால் ஆட்சேபணை வரும். 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் சேர வேண்டும்.

சேதம் பற்றி உடனே எழுத்தில் தெரிவித்தார்களா என்று வாங்கியவரைக் கேளுங்கள். வெளியே தெரியாத சேதத்துக்குக் கடல்வழிச் சட்டத்தில் 3 நாள், பல்வகைச் சட்டத்தில் 6 நாள். தெரிவிக்காவிட்டால் கேஸ் செத்துவிடாது. சரக்கு நல்லபடி போய்ச் சேர்ந்தது என்று முதல் பார்வைக்கு எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் ஏறும். சர்வேயர் ரிப்போர்ட்டும், துபாய் அல் அவீர் மார்க்கெட்டில் மிச்சப் பழத்தை என்ன விலைக்குத் தள்ளினார் என்ற கணக்கும் வேண்டும். வாட்ஸ்அப் போட்டோக்களை மட்டும் வைத்து நஷ்டத் தொகையை நிரூபிக்க முடியாது.

வாங்கியவரோடு சண்டையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். சி.ஐ.எஃப். என்றால் சென்னையில் கப்பலில் ஏறியதுமே அபாயம் அவருடையது. சட்டப்படி மீதிப் பணம் அவர் தர வேண்டியதுதான். ஆனால் 'மார்க்கெட்டில் தரம் பார்த்த பிறகு மீதி' என்று மெசேஜில் எங்காவது ஒத்துக்கொண்டிருந்தால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். பழ வியாபாரத்தில் இது சகஜம். அதைவிட முக்கியம், பி.எல். அவர் பெயருக்குப் போயிருந்தால் கப்பல்காரர் மீது வழக்குப் போடும் உரிமையும் அவரிடம் போயிருக்கும். பாலிசியை அவருக்கு எண்டார்ஸ் செய்து (மாற்றி எழுதி) கொடுத்திருந்தால் அதுவும் அப்படியே. இரண்டு உரிமையையும் உங்களுக்கு எழுதித் தரும் கடிதம் ஒன்று அவரிடம் வாங்க வேண்டும். திட்டிக்கொண்டே அதை வாங்க முடியுமா, யோசியுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்துக்கு வருவோம். 1963-ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, சரக்கின் இயல்பால் வரும் கேட்டையும் தாமதத்தால் வரும் நஷ்டத்தையும் விலக்குகிறது. அதைத்தான் சொல்லி மறுத்திருக்கிறார்கள். 13 டிகிரியில் வைத்தும் பழம் அழுகியிருந்தால் அவர்கள் சொல்வது சரி. 21-க்குப் போனதால் அழுகியது என்றால் அது பழத்தின் குற்றமில்லை. உங்கள் பாலிசியின் 24 மணி நேர வரியில் சண்டை வேறு இடத்தில் வரும்: மெஷின் பழுதானதா, பிளக் போடாமல் விட்டதா? முன்னது கவருக்குள் சுலபமாக வரும். பின்னதைப் பழுது இல்லை என்பார்கள். இதற்கும் கன்டெய்னர் பதிவுதான் விடை. கப்பல்காரர் மீதான உரிமையைக் காப்பாற்றி வைப்பதும் பாலிசிப்படி உங்கள் கடமை. அந்தக் கெடுவைத் தவறவிட்டால் இதைச் சாக்காக வைத்தே கிளெய்மைக் குறைப்பார்கள். (அடுத்த சீசனுக்கு ஏற்றுமதி செய்யும் மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: சி.ஐ.எஃப். விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்ச கவர் 'சி' வகை நிபந்தனைதான்; தீ, கப்பல் மூழ்குதல் போன்ற பெரிய விபத்துகளுக்கு மட்டுமே அது. ரீஃபர் சரக்குக்கு அது கிட்டத்தட்ட வெறும் காகிதம்.)

இனி கோர்ட். லாபத்துக்கான ஏற்றுமதியில் ஃபார்வர்டர், கப்பல் கம்பெனி மீது நுகர்வோர் ஆணையத்தில் போடும் வழக்கு செல்லாது. இன்சூரன்ஸ் மீது மட்டும் போகலாம். வியாபாரச் சரக்குக்கு எடுத்த பாலிசி என்பதாலேயே ஒருவர் நுகர்வோர் இல்லை என்று ஆகிவிடாது என்று ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் போடலாம். மற்ற இருவருக்கு பி.எல்.லின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். லண்டன், சிங்கப்பூர் என்று அதிகார வரம்பு எழுதியிருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1990-இல் சண்முகவிலாஸ் முந்திரி கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட வாசகத்தை மதித்து, வெளிநாட்டு கோர்ட்டுக்கே போகச் சொன்னது. ஃபார்வர்டரின் ஹவுஸ் பி.எல்.லில் (அவர் தன் பெயரில் கொடுத்த பி.எல்.) சென்னை என்று இருந்தால், உங்களோடு ஒப்பந்தம் செய்தவர் அவர் என்பதால் அவரையே முதல் பிரதிவாதியாக்கி சென்னை வணிக நீதிமன்றத்தில் போடுவேன். கப்பலையே நிறுத்தி வைக்கும் அட்மிரால்டி வழி சென்னை உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. 21 லட்சத்துக்கு அந்தச் செலவு கட்டாது.

ஏற்றுமதிப் பணம் வராமல் போவதற்கான இ.சி.ஜி.சி. பாலிசி இருந்தாலும், தரம் பற்றிய தகராறில் வாங்கியவரின் நாட்டு கோர்ட்டில் நீங்கள் ஜெயித்த தீர்ப்பு இல்லாமல் அங்கே பணம் வராது. வராத மீதித் தொகை பற்றி உங்கள் வங்கியில் இந்த மாதமே கடிதம் கொடுத்து, அதன் நகலில் சீல் வாங்கி வையுங்கள். ஏற்றுமதிப் பணம் ஏன் வரவில்லை என்று அன்னியச் செலாவணிச் சட்டப்படி அவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள்.