குக் 1768-ல் லெப்டினன்டா, கேப்டனா?

வணக்கம். பிரிட்டிஷ் கடற்பயண ஆய்வாளர் ஜேம்ஸ் குக் 1768-ல் எண்டெவர் கப்பலில் கிளம்பியபோது ஒரு நூல் லெப்டினன்ட் என்கிறது, இன்னொன்று கேப்டன் என்கிறது, கட்டுரையில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். லெப்டினன்ட் என்றே போடுங்கள். அக்காலப் பிரிட்டிஷ் கடற்படையில் கப்பலை நடத்துபவர் யாராக இருந்தாலும் கேப்டன் என்று அழைப்பது வழக்கம், பதவி வேறு.

குக் 1757-ல் மாஸ்டர் தேர்வில் தேறினார். கப்பலுக்கு வழி கணித்து ஓட்டும் பொறுப்பு அது. 1768 மே மாதம் லெப்டினன்ட், 1771-ல் கமாண்டர் (லெப்டினன்டுக்கு மேல், கேப்டனுக்குக் கீழ்), 1775 ஆகஸ்டில்தான் போஸ்ட் கேப்டன், அதாவது பதவியாலேயே கேப்டன். ஆகவே 1772-ல் ரெசல்யூஷன் கப்பலில் இரண்டாம் பயணம் கிளம்பும்போதும் அவர் கமாண்டர்தான். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். அக்காலத்தில் போஸ்ட் கேப்டன் ஆன நாளிலிருந்தே மூப்பு எண்ணப்பட்டது, அட்மிரல் பதவிக்கு வரிசை அதை வைத்துத்தான் இருந்தது. அதனால் இந்தத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத இன்னொன்றும் உண்டு. அக்காலக் கப்பல் பதிவேட்டில் நாள் முந்தைய நண்பகலிலேயே தொடங்கியது. பிற்பகல் முதலில், முற்பகல் பிறகு. ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில் கரையிறங்கிய பிற்பகல் குக்கின் ஏட்டில் 1770 ஏப்ரல் 29. உடன் சென்ற இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸின் நாட்குறிப்பில் 28, அவர் நள்ளிரவில் நாள் தொடங்கும் வழக்கமான கணக்கில் எழுதியதால். இரண்டையும் ஒப்பிடும்போது, பிற்பகல் நிகழ்வானால் குக்கின் தேதியில் ஒரு நாளைக் கழியுங்கள், முற்பகலானால் அப்படியே விடுங்கள்.