யூனிஃபார்மோடு அடுப்படிக்கா?

கேள்வி: புதுச்சேரியில் புற்றுநோய் வார்டில் 6 ஆண்டுகளாக நர்ஸ். கீமோ ஏற்றும் வேலை. விரும்பித்தான் சேர்ந்தேன். இப்போது நோயாளி இறந்தாலும் மனம் அசைவதில்லை. பெட் நம்பர்தான் நினைவிருக்கிறது. டூட்டி முடிந்து பஸ் பிடித்துக் கடலூர் வந்தால், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேரே அடுப்படி. 2 வயது மகன் ஓடிவந்து கட்டிக்கொள்வான். கணவர், மாமியார் உடன் இருக்கிறார்கள். வேலையை விட்டுவிடவா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வேலையை விடுவது இருக்கட்டும். அந்த யூனிஃபார்ம் விஷயத்தைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே தாயே, அதைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை.

கீமோ, வேகமாகப் பெருகும் செல்லை அழிக்கும் மருந்து. யாருடைய செல் என்று அது பார்க்காது. மருந்துப் பையில் செட்டை, அதாவது மருந்து இறங்கும் குழாயை, குத்தும்போதும் பிடுங்கும்போதும் தெறிக்கும் துளி கண்ணுக்கே தெரியாது. ஏற்றிய பிறகு 48 மணி நேரத்துக்கு நோயாளியின் சிறுநீரையும் வாந்தியையும்கூட மருந்தாகவே நினைத்துக் கையாள வேண்டும். பெட்பேன் எடுத்த உடுப்பில் உங்கள் பிள்ளை முகம் புதைக்கிறான். படித்தவர்தானே நீங்கள்?

செட்டை முதலில் வெறும் சலைனில் ஓட்டி நிரப்புங்கள், மருந்தில் அல்ல. முடிந்ததும் பிடுங்காமல் பையோடு சேர்த்தே கழிவில் போடுங்கள். கிளவுஸ் இரண்டு அடுக்கு. உள்ளது கவுன் கைக்கு அடியில், வெளியே உள்ளது மேலே. கழற்றியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஹேண்ட் ரப் மருந்தைப் போக்காது. யூனிஃபார்மை ஆஸ்பத்திரியிலேயே மாற்றி, கவரில் கட்டிவந்து, தனியாகத் துவையுங்கள். இன்னும் பால் கொடுத்தாலோ, அடுத்த குழந்தை எண்ணம் இருந்தாலோ, கீமோ வேலையிலிருந்து மாற்றம் கேட்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது ரோஸ்டரில் ஏறாது.

பெட் நம்பர் சமாசாரத்துக்கு வருகிறேன். வேலையில் மனம் எரிந்துபோவதை (பர்ன்-அவுட்) அளக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் வெளியிட்ட அளவுகோல் மூன்றைப் பார்க்கும்: மனம் வற்றிப்போவது, ஆளை ஆளாக நினைக்காதது, செய்து என்ன பயன் என்ற சலிப்பு. இரண்டாவது உங்களிடம் அப்பட்டமாக இருக்கிறது. நான்கு நாள் லீவு இதற்குப் போதாது. தொடர் பரிசோதனை ஓ.பி.க்கு மாற்றல் கேளுங்கள். குணமாகி, முடி வளர்ந்து, நடந்து வருகிறவர்களை அங்கேதான் பார்க்கலாம். வார்டில் இருப்பவர் கண்ணில் அவர்கள் படுவதே இல்லை.

உடுப்பு மாற்ற நேரமில்லை என்பீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பெரியவர்களுக்குச் சோறு போடுவது கடமை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கடமை மருமகளுக்கு மட்டும் எழுதிவைத்ததா? உங்கள் வீட்டுக்காரருக்குக் குக்கர் வைக்கத் தெரியாதா, நீங்கள் விடவில்லையா? அரியாங்குப்பம் தாண்டும்போதே போன் போட்டு அரிசி களையச் சொல்லுங்கள். முதல் வாரம் குழையும். குழையட்டும்.