83 விழுக்காடு போதாதா?

கேள்வி: சென்ற இதழில் ரஷ்யாவின் உட்முர்த் மொழி தேய்ந்துவருவதாக உருகி எழுதியிருந்தீர்கள். ஷார்கான் மாவட்டத்தில் 83 விழுக்காட்டினர் உட்முர்த்துகள்தான். அவர்கள் பெயரிலேயே ஒரு குடியரசு, அதில் ஆட்சிமொழித் தகுதி. உட்முர்த் பாட்டிகள் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டி மேடைவரை போய்ப் பாடிவிட்டார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? அவர்களே பேசாமல் விட்டால் யார் என்ன செய்ய முடியும்? உங்கள் கட்டுரை மிகைதானே?
(திண்டுக்கல் வாசகர் ஒருவர்)

பதில்: எண்ணெல்லாம் சரி. அதை வைத்துக்கொண்டு நீங்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை.

'மாவட்டம்' என்ற சொல்லில் ஆரம்பிக்கிறது வம்பு. ருஷ்ய மொழியில் ரயோன், உட்முர்த்தில் யோரொஸ். நாம் மாவட்டம் என்று எழுதிவிடுகிறோம். உடனே உங்கள் கண்ணில் கலெக்டர் அலுவலகமும் மருத்துவக் கல்லூரியும் வந்து நிற்கின்றன. ஷார்கானுக்குப் பரப்பு சுமார் 1,400 சதுர கிலோமீட்டர். 2010 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 19,000 சொச்சம் பேர். நம்மூரில் ஒரு பேரூராட்சிக்கு இருக்கிற ஜனம். அதில் 83 விழுக்காடு என்றால் பதினாறாயிரம் பேர், காட்டுக்கும் வயலுக்கும் நடுவே சிற்றூர்களில் சிதறிக் கிடக்கிறார்கள். அந்தச் சிற்றூர்களுக்கென்று தனித்தனியே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இருந்தன. 2021இல் அவற்றையும் கலைத்து, மொத்தத்தையும் ஒரே நகராட்சி வட்டாரமாக்கிவிட்டார்கள்.

பெரும்பான்மை இருக்கிறதே என்பீர்கள். எதில் பெரும்பான்மை என்று பாருங்கள். பள்ளிச் சட்டம் மாஸ்கோவில் எழுதப்படுகிறது. 2018 ஆகஸ்டில் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ரஷ்யக் குடியரசுகளின் மொழிகள் எல்லாம் பெற்றோர் எழுதிக் கேட்டால் படிக்கிற விருப்பப் பாடமாகிவிட்டன. பள்ளி முடிக்கிறவன் எழுதவேண்டிய பொதுத்தேர்வோ முழுக்க ருஷ்ய மொழியில். ஷார்கானில் ஒரு தாய், மகனுக்கு வாரத்தில் சில மணி நேரம் உட்முர்த் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அதே மகன் கல்லூரிக்கு இஷெவ்ஸ்க் போகவேண்டும். ஆறு லட்சத்துக்கு மேல் ஜனம் உள்ள, அந்தக் குடியரசின் தலைநகரம், துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பேர்போன ஊர். 2010 கணக்குப்படி அங்கே ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர்தான் உட்முர்த். பேருந்தில் நாலு பேர் காதில் விழ உட்முர்த் பேசினால் 'பட்டிக்காடு' என்ற பார்வை வரும். அந்தத் தாய்க்கு இது தெரியாதா?

"குடியரசே அவர்கள் பெயரில்" என்கிறீர்கள். 1926 கணக்கெடுப்பில், குடியரசாகும் முன் அங்கே இருந்த தன்னாட்சிப் பகுதியில் உட்முர்த்துகள் பாதிக்குச் சற்று மேல், 52 விழுக்காடு. 1937இல் வோட்கின்ஸ்க், சாராபுல் போன்ற, ருஷ்யர்கள் நிறைந்த பகுதிகளைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். போர்க்காலத்தில் மேற்கிலிருந்து ஆலைகளும் ஆட்களும் வந்து இறங்கினார்கள். உட்முர்த்துகளின் பங்கு 1989இல் 31, 2010இல் 28, 2021இல் 24 விழுக்காடு. பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை.

இனி, என்னைக் கொஞ்சம் கோபப்படுத்திய வரி: அவர்களே பேசாமல் விட்டால் யார் என்ன செய்ய முடியும் என்பது. பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். பிள்ளையிடம் ருஷ்ய மொழியில் பேசுவது என்று முடிவெடுப்பது வீட்டுக்குள்தான். ஆனால் அந்த முடிவுக்கு முன்கதை ஒன்று உண்டு. குஸெபாய் கெர்த் என்று ஒரு கவிஞர், 1898இல் பிறந்தவர். இன்று வவோஜ் மாவட்டத்தில் இருக்கும் ஒரு கிராமத்துக்காரர். கவிதை, பாடநூல், நாட்டார் பாடல் தொகுப்பு என்று ஒரு மொழிக்குத் தேவையான அத்தனையையும் ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தார். பின்லாந்துக்காகச் சதி செய்த கூட்டத்தின் தலைவர் என்று 1930களின் தொடக்கத்தில் ஜோடித்த வழக்கில் பிடித்தார்கள். 1937 நவம்பர் 1 அன்று கரேலியாவின் சந்தர்மோக் காட்டில் சுட்டார்கள். முதல் உட்முர்த் பெண் கவிஞர் அஷால்ச்சி ஓகி. அதே வழக்கு அவர்மீதும் பாய்ந்தது. கவிதையை நிறுத்திவிட்டு, உங்கள் கணக்கில் 'பெரும்பான்மை உட்முர்த்' என்று வரும் அல்னாஷி மாவட்டத்தில் கண் மருத்துவராகக் காலம் கழித்தார். எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதி என்று கண்ணால் கண்ட தலைமுறை, பிள்ளையை எந்த மொழியில் வளர்க்கும்?

பாட்டிகள் விஷயம். புரானோவோ கிராமத்துப் பாட்டிகள் 2012இல் அஜர்பைஜான் தலைநகர் பாகூவில் நடந்த யூரோவிஷனில் இரண்டாம் இடம் பிடித்தார்கள். கிடைக்கிற பணத்தில் ஊர்த் தேவாலயத்தைத் திரும்பக் கட்டவேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. எனக்கும் அவர்களைப் பிடிக்கும். ஆனால் பாடியவர்கள் பாட்டிகள் என்று நீங்களே எழுதிவிட்டு, மொழிக்கு என்ன குறை என்று என்னைக் கேட்கிறீர்களே!

ஷார்கானிலும் கொண்டாட்டத்துக்குக் குறைவில்லை. அங்குள்ள பிகி கிராமம் 2014இல் பின்னோ-உக்ரிய மக்களின் (உட்முர்த், பின்னிஷ், ஹங்கேரியன் எல்லாம் சேர்ந்த மொழிக் குடும்பத்தாரின்) பண்பாட்டுத் தலைநகராக இருந்தது. குளிர்காலத் தாத்தா தோல் பபாய்க்குத் தித்தோவோ கிராமத்தில் வீடு கட்டி, சுற்றுலாப் பயணிகளை அழைக்கிறார்கள். அப்பளம் அளவுக்கு மாவைத் தேய்த்து, ஓரத்தைக் கிள்ளிக் கிண்ணமாக்கி, உள்ளே இறைச்சியோ காளானோ போட்டு, முட்டைப்பால் ஊற்றி அடுப்பில் சுடும் பெரெபெச்சி இல்லாத விருந்து கிடையாது. (நான் சாப்பிட்டதில்லை. எழுதும்போதே வாய் ஊறுகிறது.) இதையெல்லாம் நான் இளப்பமாகச் சொல்லவில்லை. விழாவுக்கு ஆண்டில் சில நாள் போதும், பேச்சுக்கு அன்றாடம் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

2019 செப்டம்பர் 10 அன்று அல்பெர்த் ராசின் என்ற 79 வயது அறிஞர் இஷெவ்ஸ்க் சட்டமன்றத்துக்கு முன்னால் தீக்குளித்து இறந்தார். "என் மொழி நாளை இறக்குமானால் நான் இன்றே இறக்கத் தயார்" என்ற, தாகெஸ்தானின் அவார் மொழிக் கவிஞர் ரசூல் கம்சாதவின் வரி அவர் கையிலிருந்த அட்டையில் இருந்தது. இதைப் படிக்கும் நம்மவர்க்கு எந்த ஊர் நினைவுக்கு வரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்தச் சாவை நான் போற்ற மாட்டேன். அவர் உயிரோடு இருந்து இன்னும் பத்துப் பேருக்குக் கற்றுக் கொடுத்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம். ஆனால் "இதற்கு மேல் என்ன வேண்டும்" என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வராது.

கடைசியாக, விழுக்காட்டுக் கட்டத்தைப் பார்த்த நீங்கள் தலை எண்ணிக்கையையும் பார்த்திருக்கலாம். ரஷ்யா முழுவதும் தம்மை உட்முர்த் என்று பதிந்துகொண்டவர்கள் 2002இல் 6 லட்சத்து 37 ஆயிரம். 2010இல் 5 லட்சத்து 52 ஆயிரம். 2021இல் 3 லட்சத்து 86 ஆயிரம். கடைசிக் கணக்கெடுப்பு அரைகுறை என்று சொல்கிறவர்கள் உண்டு. இனத்தையே குறிக்காமல் விடப்பட்டவர்கள் அதில் நிறையப் பேர். அதற்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. எவ்வளவு கூட்டினால் 2002 திரும்பி வரும்?

மற்றபடி, அந்தக் கட்டுரையில் உண்மையிலேயே ஒரு பிழை இருந்தது. ஷார்கான் சைபீரியாவில் இருப்பதாக அச்சிட்டுவிட்டோம். அது யூரல் மலைக்கு மேற்கே, ரஷ்யாவின் ஐரோப்பியப் பகுதியில் இருக்கிறது. நீங்கள் அதைப் பிடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.