பங்க் இசைக்குழுவில் ஆள் மாறினால் இசையே ஏன் மாறுகிறது?

லைன்-அப் என்றால் ஒரு குழுவில் யார் யார், எவர் என்ன வாசிக்கிறார் என்பதுதான். பங்க், அதாவது வேகமும் முரட்டுத்தனமும் கலந்த ராக் இசை, வாசிக்கும் குழுக்களில் பெரும்பாலும் நாலு பேர் ஒரே அறையில் வாசித்துப் பார்த்தே பாட்டு பிறக்கும், அதனால் ஒருவர் போனாலும் ஓசை மாறிவிடும். கல்யாணச் சமையலில் மாஸ்டர் மாறினால் அதே சாம்பார் வேறு ருசியில் வருமே, அப்படி.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்துக் குழுவான ஜாய் டிவிஷனைப் பாருங்கள். 1976-ல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் கச்சேரி பார்த்த வேகத்தில் இரண்டு நண்பர்கள் ஆரம்பித்தது. 1980 மே மாதம் பாடகர் இயான் கர்டிஸ் இறந்தார், மனசைக் கனக்க வைக்கும் கதை. மீதி மூவரும் பெயரையே விட்டுவிட்டு நியூ ஆர்டர் ஆனார்கள். கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னர் பாடவும் தொடங்கினார், அப்புறம் கில்லியன் கில்பர்ட் கீபோர்டுக்கு வந்தார், தானாகத் தாளம் போடும் டிரம் மெஷின் முன்னுக்கு வர, இசை நடன அரங்குக்குப் போனது.

பாடகர் போன பிறகுதான் சிந்தசைசர், அதாவது மின்னணு முறையில் ஓசை உண்டாக்கும் கருவி, வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஜாய் டிவிஷன் பதிவுகளிலேயே அது இருக்கிறது.